நடுவே நின்ற நாக்கு

அக்கா மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் மாலை நாலரைக்கு என்னோடு டீக்கடைக்கு வருவது வழக்கம். போன வாரம் பெஞ்சில் உட்கார்ந்ததுமே கைபேசியை என் பக்கம் திருப்பினான். வெள்ளையடித்த ஒரு கோட்டை, காலடியில் அலை, பக்கத்தில் வண்ணம் பூசிய மீன்பிடி வள்ளங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கானா நாட்டின் எல்மினா. கப்பல் தக்கோராடி துறைமுகத்தில் நின்றபோது ஒருநாள் இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறான்.

"1482-ல போர்த்துக்கீசுக்காரன் கட்டினதாம் மாமா. எனக்கு ஒண்ணுதான் புரியல. வந்து இறங்கினவனுக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. ஊர்க்காரங்களுக்கு இவன் பாஷை தெரியாது. எடம் வேணும், கோட்டை கட்டணும்னு எப்படிக் கேட்டிருப்பான்?"

எங்கள் பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை. கப்பல் வரும், தளபதி இறங்குவான், மன்னன் பேசுவான், ஒப்பந்தம் ஆகும். நம் சினிமாவில் எல்லா தேசத்தாரும் சுத்தத் தமிழ் பேசுவது போலத்தான். மாஸ்டரிடம் இரண்டு இஞ்சி டீ சொல்லிவிட்டு, "எல்மினாவிலேர்ந்து ஆரம்பிச்சா புரியாது. இன்னும் நாப்பது வருஷம் பின்னால போகணும்" என்றேன்.

போர்த்துக்கலிலிருந்து ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே போவது சுலபம், காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். 1434-ல் கில் யானெஸ் என்பவர் போஜடோர் முனையைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்தது அந்த நாளில் பெரிய செய்தி. பிறகு வந்தவர்கள் கரையை விட்டு விலகி, மேற்கே நடுக்கடலுக்குப் போய், அங்கே வேறு காற்றைப் பிடித்து ஒரு பெரிய வளைவாக ஊர் வந்து சேரப் பழகிக்கொண்டார்கள். இதை நான் சொன்னபோது மருமகன் தலையை ஆட்டினான். அது அவன் தொழில், எனக்கு ஏட்டுச் சுரைக்காய்.

போக வர வழி கிடைத்துவிட்டது. போன இடத்தில் யாரிடம் எதைக் கேட்பது? தங்கம் எங்கே, அரசன் யார், ஆற்றின் பெயர் என்ன? வரைபடம் இல்லாதவனுக்கு வாய்தான் வழி. வாய் இருந்து மொழி இல்லை. அதனால்தான் கடலோடிகளை அனுப்பிவைத்த இளவரசர் ஹென்றிக்கு, பொருளைப் போலவே ஆளும் தேவைப்பட்டது.

1441-ல் அன்தாவோ கொன்சால்வெஸ் என்ற இளைஞர் கடல்நாய்த் தோலும் எண்ணெயும் ஏற்றிவர இன்றைய மேற்கு சகாராவின் கரைக்குப் போனார். வந்ததுதான் வந்தோம், இளவரசருக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு போவோமே என்று, ஒட்டகத்தோடு தனியே வந்த ஒருவரையும் ஒரு பெண்ணையும் பிடித்தார். அந்நேரம் நூனோ திரிஸ்தாவோ இன்னொரு கப்பலில் வந்து சேர்ந்தார். அவரிடம் அரபி தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். பிடிபட்டவர்களோடு அவரைப் பேசச் சொன்னால், அவர்கள் பேசியது அவருக்குப் புரியவில்லை. அது சன்ஹாஜா மக்களின் மொழி, அரபி அல்ல. முதல் மொழிபெயர்ப்பாளரே தோற்றுப்போனார். அன்று இரவே கூடாரங்களைத் தாக்கி இன்னும் பத்துப் பேரைப் பிடித்தார்கள். அவர்களில் அதாஹு என்ற ஒரு பெரிய மனிதருக்கு மட்டும் ஊர் சுற்றிய பழக்கத்தால் அரபி வந்தது.

இந்த அதாஹு எனக்குப் பிடித்த ஆள். போர்த்துக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்ததும், "என்னை ஊரில் விடு, எனக்குப் பதில் ஐந்தாறு அடிமைகளைத் தருகிறேன்" என்று பேரம் பேசினார். கூடப் பிடிபட்ட இரண்டு இளைஞர்களுக்கும் அப்படியே மீட்புப் பொருள் வரும் என்றார். அடுத்த ஆண்டு நல்ல உடை உடுத்தி அவரைக் கரையில் இறக்கிவிட்டார்கள். போனவர் போனவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை. இளைஞர்கள் இருவருக்கு மட்டும் மீட்புப் பொருள் வந்தது. பத்துக் கறுப்பு அடிமைகள், கொஞ்சம் பொன்துகள், ஒரு தோல் கேடயம், நிறைய நெருப்புக்கோழி முட்டைகள். முட்டை இளவரசரின் சாப்பாட்டு மேசைக்குப் போனது, ருசியாக இருந்தது என்று அரசவை வரலாற்றாசிரியர் சூராரா மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பத்துப் பேர் எங்கே போனார்கள் என்பதற்கு அவர் அவ்வளவு மெனக்கெடவில்லை.

"அப்போ கடத்தல்தானே மாமா இது?"

கடத்தல்தான். பேச ஆள் வேண்டும் என்று தொடங்கியது மூன்றே வருடத்தில் விற்க ஆள் வேண்டும் என்று ஆகிவிட்டது. 1444 ஆகஸ்ட் 8 அன்று போர்த்துக்கலின் லாகோஸ் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் 235 பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மொரித்தானியக் கரையின் அர்கின் தீவுகள் பக்கம் மீன்பிடித்து வாழ்ந்த குடும்பங்களில் ஆறு கப்பல்கள் போய் அள்ளிக்கொண்டு வந்தவர்கள். குதிரை மேலிருந்து இளவரசர் பார்க்க, ஐந்தாகப் பங்கு பிரித்தார்கள். அவர் பங்கு 46 பேர். பிள்ளை ஒரு பங்கிலும் தாய் ஒரு பங்கிலும் விழ, பெண்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டார்கள். சூராரா இளவரசரைப் புகழ எழுதியவர். அவர் கையே இந்த இடத்தில் நடுங்கியிருக்கிறது. நாம் அன்றாடம் சொல்லும் 'ஏலம்' என்ற சொல் போர்த்துக்கீசிய 'லெய்லாவோ'விலிருந்து நமக்கு வந்தது. லாகோஸில் அன்று நடந்தது பாகப்பிரிவினை, ஏலம் அதற்குப் பிறகு.

ஒன்றைச் சொல்லாவிட்டால் கணக்கு தப்பாகும். அதே காலத்தில் ஜோவாவோ ஃபெர்னாந்தெஸ் என்ற போர்த்துக்கீசியர் அந்தப் பாலைவனக் கரையில் தாமாகவே இறங்கி, ஏழு மாதம் அங்குள்ள மேய்ப்பர்களோடு பாலைக் குடித்துக்கொண்டு அலைந்தார். கூட்டிவரக் கப்பல் வந்தபோது அவரைப் பிரிய அவர்களுக்கு மனமில்லை. மொழி கற்க இப்படியும் ஒரு வழி இருந்தது. அதற்கு ஏழு மாதம் பிடிக்கும். பிடித்து இழுத்து வர ஒரு ராத்திரி போதும்.

அந்த ராத்திரிகளுக்குப் பதில் சீக்கிரமே வந்தது. செனகல் ஆற்றுக்குத் தெற்கே பாலை முடிந்து பச்சை தொடங்குகிறது. வோலோஃப், செரேர், மண்டிங்கா மக்களின் அரசுகள் அங்கே இருந்தன. ஆட்களும் அதிகம், வள்ளங்களும் அதிகம், அம்பில் நஞ்சும் உண்டு. 1446 வாக்கில் நூனோ திரிஸ்தாவோ இரண்டு படகில் இருபதுக்கு மேற்பட்டவர்களோடு ஓர் ஆற்றுக்குள் நுழைந்தார். சூழ்ந்துகொண்ட வள்ளங்களிலிருந்து அம்பு பொழிந்தது. அவரும் கிட்டத்தட்ட எல்லோரும் செத்தார்கள். கப்பலில் மிஞ்சியவர்கள் ஐந்தே பேர், பெரும்பாலும் பையன்கள். அவர்களில் கணக்கெழுதப் போன அய்ரெஸ் தினோகோ என்ற பையன் கப்பலை வடக்கே திருப்பினான். இரண்டு மாதம் கரையே தெரியாமல் ஓட்டி ஊர் சேர்ந்தார்கள். மற்ற நாலு பேரில் ஒருவன், முன்பு அந்தக் கரையில் பிடிபட்ட கினியச் சிறுவன். தன்னைப் பிடித்தவர்களின் கப்பலை, தன் ஊரை விட்டு அப்பால் ஓட்டிப் போக, அவனும் பாய் இழுத்திருக்கிறான்.

(மருமகன் இங்கே டீயைக் கீழே வைத்துவிட்டான். "வேற வழி?" என்றான். இல்லைதான்.)

நஞ்சு அம்புதான் போர்த்துக்கலின் கொள்கையை மாற்றியது என்று சொன்னால் பெரிய பிழையில்லை. துப்பாக்கிக்குப் பயந்து கரை பணிந்தது என்ற கதையை அடித்துத் திருத்த வேண்டும். 1440-களின் இறுதியிலிருந்து கொள்ளை குறைந்து வியாபாரம் வந்தது. அதற்காக ஆள் வாங்குவது நின்றுவிடவில்லை. பிடிப்பதற்குப் பதில் விலைக்கு வாங்கினார்கள். விற்பவர் அந்தந்த அரசர், விலையையும் அவரே வைத்தார். 1455-ல் அங்கே போன வெனிஸ்காரர் கடமோஸ்தோ, ஒரு குதிரைக்கு 9 முதல் 14 அடிமைகள் வரை விலை என்று எழுதுகிறார்.

இந்தக் கடமோஸ்தோ கண்ணும் காதும் திறந்த மனிதர். சந்தையில் தன்னைச் சுற்றிக் கூட்டம் கூடியதையும், வெள்ளை நிறம் சாயமா என்று எச்சில் தொட்டுத் தன் கையைத் தேய்த்துப் பார்த்ததையும் கோபமில்லாமல் எழுதுகிறார். அவர் எழுதியதிலேயே எனக்கு முக்கியமாகப் படுவது காம்பியா ஆற்றில் நடந்த ஓர் உரையாடல். வள்ளங்கள் வந்து தாக்கின, சண்டை நடந்தது. ஓய்ந்ததும் மொழிபெயர்ப்பாளரை விட்டு, நாங்கள் வியாபாரத்துக்குத்தானே வந்தோம், ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். பதில் வந்தது. உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும், நீங்கள் மனிதக் கறி தின்பவர்கள், எங்கள் ஆட்களைத் தின்னத்தான் வாங்கிப் போகிறீர்கள், உங்கள் நட்பு வேண்டாம் என்று.

ஆப்பிரிக்கர்களை நரமாமிசம் தின்பவர்களாகக் காட்டும் கேலிச் சித்திரம் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. முதலில் அந்தச் சந்தேகம் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது பாருங்கள். அது மூடநம்பிக்கையும் அல்ல. வண்டி வண்டியாக ஆட்கள் கப்பல் ஏறுகிறார்கள், ஒருத்தரும் திரும்புவதில்லை. அவர்களை என்னதான் செய்வார்கள் என்று யோசித்தால் கைக்குக் கிடைக்கும் விடை அதுதான்.

இனி மருமகன் கேட்ட கேள்விக்கு வரலாம். காம்பியாவில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலை வாங்கியது யார்? அந்த வேலைக்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் 'லிங்குவா'. நாக்கு என்று பொருள். நம் ஊரில் பின்னாளில் துபாஷி என்றார்கள். துபாஷி சம்பாதித்து மாடி வீடு கட்டியவர். இந்த நாக்குகள் அடிமைகள். பிடிபட்டோ விற்கப்பட்டோ போர்த்துக்கல் போய், ஞானஸ்நானம் பெற்று, மொழி கற்று, மீண்டும் தங்கள் கரைக்கே கப்பலில் வருபவர்கள். கடமோஸ்தோ இவர்களின் சம்பளக் கணக்கைச் சொல்கிறார். ஒரு பயணத்துக்குக் கூலி ஓர் அடிமை. அந்தக் கூலியும் நாக்குக்கு அல்ல, போர்த்துக்கலில் இருக்கும் எசமானுக்கு. இப்படி நாலு அடிமைகளைச் சம்பாதித்துக் கொடுத்தால் இவருக்கு விடுதலை. நாலு பேரை உள்ளே தள்ளினால்தான் ஒருவர் வெளியே வரலாம். கணக்குப் பிள்ளைகள் போட்ட திட்டங்களில் இதைவிடக் குரூரமான ஒன்றை நான் படித்ததில்லை.

கரையில் இறங்க முதலில் தள்ளப்படுபவரும் அவர்தான். செரேர் மக்களின் கரையில் கடமோஸ்தோ தன் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இறக்கிவிட்டுக் கப்பலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் இருந்தவர்கள் அவரிடம் கொஞ்ச நேரம் பேசினார்கள், பிறகு குறுவாளால் வெட்டிப்போட்டார்கள். நம் நிறம், நம் மொழி, வந்ததோ அந்தக் கப்பலில். அந்தக் கரையின் கண்ணுக்கு அவர் யாராகத் தெரிந்திருப்பார்?

இரண்டாவது டீ வந்தது. இப்போது எல்மினா.

1482 ஜனவரியில் தியோகோ டி அசம்புஜா சுமார் 500 வீரர்களோடும் நூறு கொத்தனார், தச்சர்களோடும், செதுக்கிய கல்லைக் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த ஊருக்குப் போர்த்துக்கீசியர் புதியவர்கள் அல்ல. 1471 முதல் தங்கம் வாங்க வந்துபோகிறவர்கள்தான். புதிது என்னவென்றால் இவர்கள் தங்கவே வந்திருந்தார்கள். ஊர்த் தலைவரைப் போர்த்துக்கீசிய நூல்கள் கரமான்சா என்கின்றன. கையிலும் காலிலும் தாடியிலும் தங்கம் மின்ன வந்து, பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவ்வப்போது வந்து போகும் நண்பர்களிடம்தான் அன்பு நிற்கும், ஒட்டிக் குடியிருந்தால் கடலும் பாறையும் போல மோதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்ற பொருளில் மறுத்தார். இந்தப் பேச்சு நாக்கு வழியே அசம்புஜாவின் காதுக்குப் போய், பிறகு அரசவை வரலாற்றாசிரியர்களின் பேனாவுக்கு வந்தது. அவர்களில் பரோஸ் அதை அச்சிட்டது 1552-ல். எவ்வளவு கரமான்சா, எவ்வளவு பரோஸ் என்று பிரிப்பது கடினம். மறுப்பு மட்டும் உண்மை, அதை மறைக்க அவர்களாலும் முடியவில்லை.

அனுமதி ஒருவாறு கிடைத்தது. மறுநாள் கொத்தனார்கள் கல்லுடைக்கப் போனது ஊரார் வழிபடும் பாறையில். யாரும் சொல்லவில்லையா, சொன்னது புரியவில்லையா, ஊர் திரண்டு அடித்தது. அசம்புஜா கூடுதல் பரிசுகள் கொடுத்துச் சமாதானம் செய்தார். கோட்டை எழுந்தது, ஆனாலும் குடிதண்ணீருக்கும் சோற்றுக்கும் வெளியே இருந்தவர்களைத்தான் நம்பியிருந்தது. தங்கம் கொண்டுவந்த அக்கான் வணிகர்களுக்குச் சுமை தூக்க ஆள் வேண்டியிருந்ததால், போர்த்துக்கீசியர் பெனின் பக்கம் அடிமைகளை வாங்கி இங்கே கொண்டுவந்து தங்கத்துக்கு விற்கவும் செய்தார்கள். நாம் நினைப்பது போல அட்லாண்டிக்கைத் தாண்டிய கதையாக அடிமை வியாபாரம் தொடங்கவில்லை.

காங்கோவில் மட்டும் நாக்கு வேறு விதமாக வேலை செய்தது. 1483-ல் தியோகோ காவோ அந்தப் பேராற்றின் முகத்துவாரத்தில் கல்தூண் நட்டுவிட்டு, உள்நாட்டில் இருந்த மன்னரிடம் தன் ஆட்களை அனுப்பினார். அவர்கள் திரும்பவில்லை. காத்துப் பார்த்துவிட்டு, கப்பலைப் பார்க்க வந்த காங்கோக்காரர்கள் நால்வரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இங்கே வழக்கம் மாறியது: 1485-ல் அவர்களை நல்ல உடையில், போர்த்துக்கீசியம் பேசத் தெரிந்தவர்களாகத் திருப்பிக் கொண்டுவந்தார்.  காங்கோ மக்களுக்குப் பெருநீர் என்பது இருப்பவர்க்கும் இறந்தவர்க்கும் நடுவே உள்ள எல்லை, வெள்ளை இறந்தவர்களின் நிறம். அந்த நால்வரின் வருகை அங்கே என்னவாகத் தோன்றியிருக்கும் என்று ஆய்வாளர்கள் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1491-ல் மன்னரே ஞானஸ்நானம் பெற்றார். அவர் மகன் அஃபோன்சோ போர்த்துக்கீசியம் கற்று, லிஸ்பன் அரசருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு வந்தார். நடுவில் பிடிபட்ட நாக்கு தேவையில்லை. 1526-ல் அவர் அனுப்பிய கடிதங்களில், உங்கள் வணிகர்கள் என் குடிகளை, பிரபுக்களின் பிள்ளைகளை, என் உறவினரைக்கூடத் திருடிப் போகிறார்கள் என்று முறையிடுகிறார். விற்கப்படுபவர் போரில் பிடிபட்டவரா, சுதந்திர மனிதரா என்று சோதிக்க மூன்று அதிகாரிகளை நியமித்தார். போரில் பிடித்தவர்களை அவரும் விற்றவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"கடைசியா நம்ம பக்கம் வந்த ஆளு எப்படிச் சமாளிச்சான்?" என்றான் மருமகன். வாஸ்கோ ட காமாவைச் சொல்கிறான். அதற்கு முன்னால் 1487-ல் புறப்பட்ட பார்த்தலோமேயு தியாஸின் கப்பலில் போன நாலு பெண்களைச் சொல்ல வேண்டும்.

கினியக் கரையைச் சேர்ந்த நாலு பெண்களும் இரண்டு ஆண்களும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். அவர்களுக்கு நல்ல துணி உடுத்தி, கையில் பொன், வெள்ளி, வாசனைப் பொருள் மாதிரிகளைக் கொடுத்து, தெற்கே புதிய கரைகளில் ஆங்காங்கே இறக்கிவிட வேண்டும். ஊருக்குள் போய்ப் போர்த்துக்கல் மன்னரின் பெருமையைச் சொல்ல வேண்டும். பெண்கள் என்பதால் யாரும் தாக்க மாட்டார்கள் என்று கணக்கு. கறுப்பரின் மொழி கறுப்பருக்குப் புரியும் என்பது அடுத்த கணக்கு. இன்றைய நமீபியா, தென்னாப்பிரிக்கக் கரைகளில் வாழ்ந்த கோய்கோய் மக்கள் நாக்கைச் சொடுக்கிப் பேசும் மொழிக்காரர்கள். கினியாவுக்கும் அங்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். ஒரு பெண் வழியில் இறந்தார். மற்றவர்களை இறக்கிவிட்டார்கள். கடைசியாக இறங்கியவர் அல்கோவா விரிகுடாப் பக்கம், கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களோடு விடப்பட்டார். கப்பல் போய்விட்டது.

டீக்கடையில் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

காமாவிடம் இரண்டு நாக்குகள் இருந்தன, இருவரும் போர்த்துக்கீசியர். ஒருவருக்கு அரபி. மற்றவர் மார்த்தீம் அஃபோன்சோ, காங்கோவில் நெடுநாள் இருந்தவர். 1497 டிசம்பரில் மோசல் விரிகுடாவில் இருவருமே பயன்படவில்லை. இருநூறு கோய்கோய் மக்கள் வந்து, உயர்ந்த சுரமும் தாழ்ந்த சுரமுமாகக் குழல் ஊதி ஆடினார்கள். காமா எக்காளம் ஊதச் சொல்லித் தானும் ஆடினார். மூன்று காப்புக்கு ஒரு காளை வாங்கினார்கள். தண்ணீர் எடுப்பதில் சந்தேகம் வந்து, பீரங்கியைச் சுட்டுக் காட்டிவிட்டுக் கிளம்பினார்கள். கப்பல் புறப்படும்போதே, நட்டுவைத்த சிலுவையையும் கல்தூணையும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சாய்த்ததைக் கப்பலிலிருந்தே பார்த்தார்கள். பத்து ஆண்டுக்கு முன் இதே இடத்தில் இதே தண்ணீருக்காகத் தியாஸ் ஒருவரை வில்லெய்து கொன்றிருந்தார். 

அடுத்த மாதம் இன்றைய மொசாம்பிக்கின் தென்கரையில் தண்ணீர் எடுக்க நின்றபோது, கரையில் நின்றவர்கள் பேசுவது மார்த்தீம் அஃபோன்சோவுக்குப் பாதி புரிந்தது. கண்டத்தின் மேற்கு ஓரத்தில் கற்ற மொழி, கிழக்கு ஓரத்தில் வேலை செய்கிறது. இரண்டும் பாண்டு குடும்பம். தெலுங்கு தெரியாத நமக்கு விஜயவாடா சந்தையில் கால்வாசி பிடிபடுவது போல. அவர் ஊருக்குள் போய் ராத்திரி தங்கினார். கம்பங்கூழ் போல ஒன்றும் கோழிக்கறியும் கொடுத்தார்கள். விடிய விடிய ஆணும் பெண்ணும் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். காலையில் தலைவர் அவரைக் கப்பலுக்கு அனுப்பிவைத்தார், கேப்டனுக்குக் கோழிகளும் கொடுத்து. அந்தக் கரைக்கு நல்லவர்கள் நாடு என்று பெயர் வைத்தார்கள்.

"அப்புறம் கோழிக்கோடு?"

1498 மே மாதம். கோழிக்கோட்டில் கரைக்கு முதலில் காமா இறங்கவில்லை. இம்மாதிரி வேலைக்கென்றே கப்பலில் ஏற்றி வந்த தண்டனைக் கைதி ஒருவரைத்தான் அனுப்பினார்கள். ஊருக்குள் அவரைக் கூட்டிப்போய் இரண்டு பேர் முன் நிறுத்தினார்கள். அவர்களுக்கு ஸ்பானிய மொழியும் ஜெனோவா மொழியும் தெரியும். எந்தச் சைத்தான் உன்னை இங்கே கொண்டுவந்து விட்டது என்று திட்டித்தான் வரவேற்றார்கள்.

"யாரு, நம்ம ஆளுங்களா?"

இல்லை. துனிஸ்காரர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து கோழிக்கோட்டில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.